பிசிவி வால்வு மாற்றும்போது பழைய ரப்பரில்தான் கவனம் வேண்டும்

ஆயில் மூடியின் அடியில் பாலாடை மாதிரி வெளிர்மஞ்சள் பசை, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் ஈரம், ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) நடுக்கம். இதில் இரண்டு இருந்தாலே பிசிவி வால்வை, அதாவது இன்ஜினின் உள்வாயுவை வெளியே எடுக்கும் சிறு வால்வை, கழற்றிப் பாருங்கள். கூலண்ட்டும் சேர்ந்து குறைந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) மேல் போக வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கும்பகோணத்துக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் பசை சீக்கிரம் சேரும். இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயுவை, இன்ஜினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக்குக்கு ஹோஸ் மூலம் அனுப்பி எரிய வைப்பதுதான் இந்த வால்வின் வேலை. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும். திறந்தே நின்றால் ஸ்லோ கெடும், ஆயிலும் எரியும்.

இங்கே சொல்வது ஹெட் கவரில் (இன்ஜினின் மேல்மூடி) ரப்பர் குரோமெட்டுக்குள், அதாவது ரப்பர் வளையத்துக்குள், சொருகியிருக்கும் வகைக்கு மட்டும். கவரோடு ஒன்றாக வார்த்த வகை வேறு வேலை.

வெளிக் கம்பெனி வால்வு வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். நீளம், மூக்கின் தடிமன் மட்டும் ஒத்தால் போதாது. உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் துளையும் அந்த இன்ஜினுக்கென்று அளந்தவை. மாடலும் வருடமும் சொல்லி, அட்டையில் பார்ட் நம்பர் பொருந்துகிறதா என்று பாருங்கள். குரோமெட்டும் ஹோஸும் கூடவே வாங்கிவிடுங்கள். ஹோஸ் ஆயில் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் போட்டால் ஆயில் ஆவியில் ஊறி, இன்டேக்கின் வேக்குவத்தில் (உறிஞ்சலில்) சப்பிப்போகும்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடு ஆறாமல் கை வைக்க வேண்டாம். அறுவடை முடிந்த தை, மாசியில் சாலையில் நெல் காயும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால் வால்வைச் சுற்றிப் பதரும் சுணையும் அடைந்திருக்கும். முதலில் ஊதித் துடைத்துவிடுங்கள். கிளாம்ப்பை நோஸ் பிளேயரால் நகர்த்தி, ஹோஸை இழுக்காமல் திருகிக் கழற்றுங்கள்.

அடுத்ததுதான் சிக்கலான இடம். பல வருடச் சூட்டில் குரோமெட் கருகி ஓடு மாதிரி ஆகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் உடைந்து துண்டுகள் ஹெட்டுக்குள் விழும்; ஆயில் வழியை அடைக்க ஒரு துண்டு போதும். வால்வை இடமும் வலமும் திருகியபடி மேலே தூக்குங்கள். குரோமெட் விரிசல் விட்டிருந்தால் வளைந்த ஊக்கால் வெளிப்பக்கமாகவே இழுத்து எடுங்கள். எடுத்த துண்டுகளைத் தாளில் வைத்து வட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் ஹெட் கவரைக் கழற்றித்தான் தேட வேண்டும். அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

புதுக் குரோமெட்டின் உள்விளிம்பில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, வால்வை நேராக அழுத்துங்கள். சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அது உரிந்து உள்ளே போகும்.

ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விட்டு, வால்வை ஹோஸோடு வெளியே எடுத்து வால்வின் திறந்த முனையில் விரல் வையுங்கள். வால்வு விரலை உறிஞ்சி இழுக்க வேண்டும், உள்ளே டக் என்று கேட்க வேண்டும். பிறகு பழையபடி சொருகிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: மாற்றிய பின் விசில் சத்தம் வந்தால் குரோமெட் ஒரு பக்கம் மடிந்திருக்கும், அல்லது ஹோஸ் முனை கீறியிருக்கும். ஹோஸ் முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.