புலிக்குப் போகுமுன் துறைமுகப் பூனை

காட்டுப் புலியைப் படமெடுக்கக் கிளம்பும் கடலூர்க்காரர் எவருக்கும் நான் முதலில் சொல்வது, ஒரு வாரம் விடியற்காலையில் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்வரும்படிதான். ஏலம் முடிந்து கூடைகள் நகரும் நேரத்தில், சிந்திய நெத்திலியைத் தேடி வரும் பூனைகளில் செம்மஞ்சள் உடலும் கோடுகளும் வெள்ளைக் கன்னமுமாக ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும். சஃபாரியில் புலி சாலையைக் கடக்கப் பெரும்பாலும் சில நொடிகளே ஆகும். அந்த நொடிகளில் கேமராவின் மெனுவைத் துழாவிக்கொண்டிருப்பவருக்கு வால் நுனிதான் மிஞ்சும் என்பதால், விரல் பழக்கத்தை ஊரிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பூனை கற்றுத்தரும் முதல் பாடம் வெளிச்சத்தைப் பற்றியது. ஈரமான கருந்தரையில் நிற்கும் பூனையை அளக்கும் கேமரா, சட்டத்தின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதைக் கண்டு படத்தை வெளுக்க வைக்கும். கன்னத்து வெள்ளை மயிர் விவரமே இல்லாமல் சுண்ணாம்பாகிவிடும். காட்டு நிழலில் நிற்கும் புலிக்கும் இதுவே நேரும் என்பதால், படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.7 ஸ்டாப் வரை குறைத்து வைத்துப் பழகுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் கருமையைப் பிறகு மீட்டெடுக்கலாம், முற்றிலும் வெளுத்ததை மீட்க முடியாது.

இரண்டாவது பாடத்தைக் கரையில் குவிந்திருக்கும் வலைகள் தரும். வலைக்குப் பின்னால் பூனை உட்கார்ந்திருந்தால் கேமரா முன்னாலுள்ள நூலில் ஃபோகஸ் பிடிக்கும். முதுமலையிலும் பந்திப்பூரிலும் அதே வேலையை உண்ணிச்செடியின் குச்சிகள் செய்யும். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதியுள்ள புதிய கேமராக்களும் புதருக்குள் சில வேளை ஏமாந்துவிடுவதால், ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு உடனே மாறும் பொத்தானை விரல் தானாகத் தேடும்வரை பழகுவது நல்லது. ஓடும் உயிரைத் தொடர்ந்து எடுப்பதற்குச் சில்வர் பீச்சின் நாய்களே போதும்.

ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, நடக்கும் புலிக்கு 1/500 நொடி, ஓடும் புலிக்கு 1/1000 அல்லது அதைவிட வேகமாக என்று வைத்துக்கொண்டு, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் 6400 வரை விட்டுவிடலாம். விடியற்காலைக் காட்டில் ஐஎஸ்ஓ ஏறி மணிமணியாகத் தெரியும் படத்துக்கு அஞ்சி வேகத்தைக் குறைப்பவர்கள் கலங்கிய படத்தோடு திரும்புவார்கள். என் முதல் புலி அப்படித்தான் போயிற்று. முந்தின மாலை தெப்பக்காட்டில் மோயாற்றின் நீரோட்டத்தைப் பட்டுத்துணிபோல் எடுக்க வைத்த 1/15-ஐ மாற்ற மறந்திருந்தேன். பத்துப் படங்களிலும் செம்மஞ்சள் தீற்றல் மட்டுமே இருந்தது. அன்றிலிருந்து, வண்டியில் ஏறியதும் சாலையோர மரம் ஒன்றை எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

லென்ஸுக்கு 100-400 அல்லது 150-600 மி.மீ. போதுமானது. வண்டியில் முக்காலிக்கு இடமிருக்காது. பழைய ஜீன்ஸ் காலைத் தையற்காரரிடம் கொடுத்துப் பையாகத் தைத்து, காலியாகவே கொண்டுபோய், மசினகுடிக் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்தால், கனத்த லென்ஸ் அதில் பதிந்து அமரும். திரும்பும்போது அரிசியைத் தங்கிய வீட்டுச் சமையலறைக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்தப் பையும் பயனில்லை. "அண்ணே, கொஞ்சம் எஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்று ஓட்டுநரிடம் புறப்படும்போதே சொல்லிவைப்பது நல்லது.

2022 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருப்பவை 306 புலிகள். ஒரே சஃபாரியில் பார்த்துவிடலாம் என்று போவது வீண், குறைந்தது நான்கு சஃபாரிகளுக்காவது நாள் ஒதுக்குங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் சஃபாரி நிறுத்தப்படுவதுண்டு என்பதையும், நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போவோருக்கு 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது என்பதையும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் நுழைந்தபின் கண்ணைவிடக் காதுதான் அதிகம் உதவும். புலியை உணர்ந்தால் மற்ற விலங்குகள் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். புள்ளிமான் கூர்மையாக, குறுகக் கத்தும். மந்தி மரத்தின் மேலிருந்து இருமுவதுபோல் குரைக்கும். இவை இரண்டும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும்கூடக் குரல் கொடுப்பவை என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. கடமான் ஒரே இடத்தில் நின்று, முன்னங்காலைத் தரையில் தட்டி, வயிற்றிலிருந்து வரும் உரத்த ஒற்றைக் குரலை விட்டுவிட்டு எழுப்பினால் கேமராவை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கடமான் எந்தப் பக்கம் காதைத் திருப்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் லென்ஸ் திரும்ப வேண்டும். குரல் நகர்ந்துகொண்டே வந்தால் புலியும் நடக்கிறது என்று கொள்ளலாம். அது வெளிவரக்கூடிய இடத்துக்கு முன்பே போய்க் காத்திருக்கும் வண்டிக்குத்தான் முகம் தெரியும் படம் கிடைக்கும், பின்தொடரும் வண்டிக்கு முதுகுதான். கோடையில் இந்த ஓட்டமே தேவையில்லை. வெயில் ஏற ஏறப் புலி குட்டையைத் தேடி வந்து, பெரும்பாலும் பின்பக்கமாக நீரில் இறங்கி உட்காரும்.

புலி முன்னே வந்ததும் முகத்தை மட்டும் நிரப்பிப் பத்துப் படங்கள் எடுத்தபின், லென்ஸைப் பின்னிழுத்துக் காடும் சேர்ந்து வரும்படி ஒன்றாவது எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நெடுநேரம் பார்க்க வைப்பது பெரும்பாலும் அந்தப் படமே. ஃபிளாஷையும் ஃபோகஸ் உதவி விளக்கையும் பீப் ஒலியையும் வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். புலி காதைப் பின்னால் மடக்கினாலோ உறுமினாலோ ஓட்டுநரிடம் பின்வாங்கச் சொல்லுங்கள். படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்குவதும் அவசியம். ஒவ்வொரு புலிக்கும் கோட்டமைப்பு வேறு என்பதால், எந்தப் புலி எங்கே திரிகிறது என்பதை வேட்டைக்காரர்களுக்கு அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

கடலூர் திரும்பியபின் கேமராப் பையை அலமாரியில் போட்டு மூடிவிடாதீர்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை எளிதில் பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவை நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.