‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’: டிஸ்க்கில் மறுபடி பார்ப்பவர்களுக்கு

“முடிவு தெரிஞ்ச கதைதானே மாமா, இதுல என்ன திரில்?” என்று அக்கா மகன் கேட்டான். அவன் சொல்வது சரிதான். பிரான்ஸ் அதிபர் டி கோலை யாரும் சுட்டுக் கொல்லவில்லை. 1970-இல் தன் வீட்டில்தான் இறந்தார். ஆனாலும், அவரைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜாக்கல் என்ற கொலையாளியைப் பற்றி ஃபிரெட் ஜின்னமன் 1973-இல் எடுத்த இந்தப் படம் இன்றைக்கும் என்னைக் கட்டிப்போடுகிறது. கொழிஞ்சாம்பாறையில் கேசட் கடை நடத்திய காலத்திலிருந்து எத்தனையோ பேருக்கு இதைச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

முதலில் டிஸ்க். எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டும் குறிதான் ரீஜன். இங்கிலாந்து டிவிடி என்றால் ரீஜன் 2, புளூ-ரே பெரும்பாலும் பி. நம் நாட்டுக்கு டிவிடி 5, புளூ-ரே சி. பிளேயர் எல்லா ரீஜனையும் ஓட்டுமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். முடிந்தால் புளூ-ரேயே வாங்குங்கள். பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். 143 நிமிடப் படம் 137 நிமிடத்திலேயே முடிந்துவிடும். நிதானமே உயிரான படத்துக்கு அது நல்லதல்ல. டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

அப்புறம் டிவி. அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் சீரியல் மாதிரி வழுக்கும். ஜூமும் வேண்டாம். சத்தம்தான் முக்கியம்: டைட்டில் போனபின் பின்னணி இசை அநேகமாகக் கிடையாது. காலடி, கதவு, கடிகாரம், இவைதான் இசை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை ஆட்டும் மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

ஆரம்பத்தில் வரும் தாக்குதல் நிஜம். 1962 ஆகஸ்ட் 22, பாரிஸ் பக்கம் பெத்தி கிளமார். பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற ஆத்திரத்தில் சிலர் டி கோலின் காரைச் சுட்டார்கள், அவர் தப்பினார். இதைச் சொல்லிவிட்டுப் போட்டால் புதிதாகப் பார்ப்பவர் குழம்பமாட்டார். ஜாக்கலும் அவனுடைய திட்டமும் மூலநாவலை எழுதிய ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் கற்பனை.

தர்பூசணிக் காட்சி வரும்போது ரிமோட்டைக் கீழே வையுங்கள். முகம் வரைந்த பழத்தை ஜாக்கல் மரத்தில் தொங்கவிட்டு, தூரம் போய்ச் சுடுகிறான். நடந்து வந்து எங்கே பட்டது என்று பார்க்கிறான். துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியின் திருகை ஒரு துளி திருப்புகிறான். மறுபடி சுடுகிறான். கடைசித் தோட்டாவில் பழம் சிதறுகிறது. ஜாக்கலாக நடித்த எட்வர்ட் ஃபாக்ஸ் முகத்தில் கோபமோ மகிழ்ச்சியோ இல்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தப் பழமே சொல்லிவிடுகிறது. இடைவேளை வேண்டுமென்றால் இது முடிந்ததும் விடுங்கள். நடுவில் டீ போட எழுந்துவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். கொலையும் படுக்கையறைக் காட்சியும் உண்டு.

மறுமுறை பார்க்கும்போது ஜாக்கலை விட்டுவிட்டு, அவனைத் தேடும் போலீஸ் அதிகாரி லெபலை (மைக்கேல் லோன்ஸ்டேல்) மட்டும் பின்தொடருங்கள். உளவு சொன்னது யார் என்று கண்டுபிடித்ததும், எந்தப் போனை ஒட்டுக்கேட்பது என்று எப்படித் தெரிந்தது எனக் கேட்கிறார்கள். தெரியாது, எல்லார் போனையும் கேட்டேன் என்கிறார். அப்போது அந்த மேசையைச் சுற்றியிருக்கும் மந்திரிகள், அதிகாரிகள் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.