பிளாட்டில் செட்டிநாட்டுத் தளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிளாட்டைச் செட்டிநாட்டு பாணியில் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆத்தங்குடி டைல்ஸில் வந்து நிற்கிறார்கள். நல்ல தேர்வுதான். அது எத்தனை காலம் உழைக்கும் என்பதற்குக் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளே சாட்சி. ஆனால் கடையில் வாங்கும் செராமிக் டைல்ஸைப் போல இதையும் கையாண்டால் சில மாதங்களிலேயே தளம் பாழாகிவிடும்.

ஆத்தங்குடி டைல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதற்குப் பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. மேலே கிளேஸ் எனப்படும் பாதுகாப்புப் பூச்சு கிடையாது.

பிளாட்டில் நடக்கும் பெரிய தவறு, கனத்தைக் கணக்குப் போடாமல் இறங்குவது. டைல் சுமார் 20 மி.மீ., கீழே கலவை 40 மி.மீ. என்றால் தளம் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் உயரும். பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே பதித்தால் கதவு திறக்காது, பால்கனிப் படி மறைந்துபோகும். அதைவிட முக்கியம் எடை. சதுர மீட்டருக்கு 125 கிலோவைத் தாண்டும். கட்டட வடிவமைப்பில் தரைப் பூச்சுக்கென்று வழக்கமாக ஒதுக்குவதே 100 கிலோ அளவுதான். எனவே பழைய டைல்ஸை அதன் கலவையோடு பெயர்த்தெடுங்கள். அதற்கு முன்பே கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். மாடி வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அப்புறம் இடம். ஹால், பூஜை அறை, படுக்கையறைக்கு ஆத்தங்குடி அருமை. சமையலறைக்கு வேண்டாம் என்பேன். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சிமெண்டை அரிக்கும், மஞ்சள் கறை போகாது. அங்கேயும் குளியலறையிலும் சொரசொரப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் போதும்.

பிளம்பிங், வயரிங், சுவர்ப்பூச்சு எல்லாம் முடியும் முன் தளம் பதிக்க அவசரப்படாதீர்கள். கொட்டிய பெயிண்ட் உள்ளே இறங்கிவிடும். பதித்தபின் செய்தித்தாள் விரித்து மூடினால், ஈரத்தில் மை ஒட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பலரின் பழக்கம். இந்தத் தளத்தில் ஒரு சொட்டுகூட வேண்டாம் என்று கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். புதிதில் மங்கலாகத் தெரிகிறதே என்று வார்னிஷ் அடிப்பதும் தவறு. கலவையின் ஈரம் அடியில் சிக்கி, பூச்சு உரிந்து வரும். துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். கால் பட்டுப் பட்டுத்தான் பளபளப்பு ஏறும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெயை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.

கைவேலை என்பதால் ஒவ்வொரு முறையும் நிறம் சற்று மாறும். தேவைக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து ஒரே தடவையில் வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே சிவப்பு கிடைப்பது கஷ்டம்.