மீனின் நீச்சலையும் நரம்பு மண்டலத்தையும் ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் நீந்துவதைக் கவனித்து அதன் நரம்பு மண்டலத்தைப் பற்றி முடிவுக்கு வர முனைவோர் முதலில் விட வேண்டியது, உடலில் தெரியும் அசைவெல்லாம் மூளை இட்ட கட்டளையே என்ற எண்ணம். ஓடும் நீரில் ஒரு தடுப்பை நிறுத்தினால், அதன் பின்னால் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்கள் தோன்றும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த ட்ரௌட் மீனை அத்தகைய சுழல்களுக்கு நடுவே விட்டபோது, வளைந்துகொடுக்கும் அதன் உடல் சுழல்களின் போக்கிற்கேற்ப நெளிந்து, நீரோட்டத்தை எதிர்த்து முன்னேறியது. நரம்பும் தசையும் வேலை செய்யாத நிலையிலும் அது நீந்துவது போலவே தெரிந்தது. உயிருள்ள ட்ரௌட் அதே இடத்தில் நிலைகொள்ளும்போது தசைச் செயல்பாடு வெகுவாகக் குறைவதை 2003ஆம் ஆண்டு ஆய்வு ஏற்கெனவே காட்டியிருந்தது. எனவே தசையின் மின் சைகையைப் பதிவு செய்யாமல் காணொளியை மட்டும் கையில் வைத்திருப்பவர் அசைவைப் பற்றிப் பேசலாமே தவிர, கட்டளையைப் பற்றிப் பேசக் கூடாது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. விலாங்கு போன்ற உடலுடைய தாடையற்ற மீனான லாம்ப்ரேயின் தண்டுவடத்தைத் தனியே பிரித்தெடுத்து, கிளர்வூட்டும் வேதிப்பொருள் கலந்த கரைசலில் வைத்தால், மூளையின் துணையின்றியே இடமும் வலமும் மாறி மாறி இயங்கும் தாளம், தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் நோக்கி அலையாக நகரும். இந்த அழகிய கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு, நீச்சலுக்குப் புலனுணர்வே தேவையில்லை என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. அதே தண்டுவடத்தின் ஓரங்களில் இழுவிசையை உணரும் செல்கள் இருக்கின்றன. தண்டுவடத்தைச் சீராக வளைத்து நிமிர்த்தினால், அதன் தாளம் அந்த வளைவின் வேகத்தைப் பின்பற்றத் தொடங்குகிறது. புளூகில் மீனின் மார்புத் துடுப்பிலுள்ள கதிர்கள் எவ்வளவு வளைகின்றன என்பதை நரம்புகள் உணர்ந்து சொல்வதாக 2013இல் ஆய்வாளர் மெலினா ஹேலின் குழு காட்டியது. துடுப்பு நீரைத் தள்ளும் கருவி மட்டுமன்று, உணர் உறுப்பும் கூட.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் மௌத்னர் செல். பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இந்தப் பெரிய நியூரான் (நரம்புச் செல்) ஒரே ஒரு முறை துடித்தால் போதும். அதன் நீண்ட இழை நடுக்கோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் இறங்குவதால், ஆபத்து வந்த திசைக்கு மறுபுறத் தசைகள் சுருங்கி, மீன் உடலை வில்லாக வளைத்துத் தப்புகிறது. ஆனால் அந்தச் செல்லை அழித்த பிறகும் மீன் பல வேளைகளில் தப்பத்தான் செய்கிறது. தொடக்கம் சற்றுத் தாமதமாகிறது. அருகிலுள்ள வேறு நியூரான்களும் அந்தப் பணியில் பங்கேற்கின்றன. ஒரு செல்லை நீக்கியும் நடத்தை எஞ்சியிருப்பதால் அந்தச் செல் முக்கியமற்றது என்றோ, அதைத் தூண்டினால் நடத்தை எழுவதால் அது ஒன்றே காரணம் என்றோ சொல்வது, எனக்குத் தெரிந்தவரை இத்துறையில் மிக எளிதில் நேரும் தர்க்கப் பிழை.

அளவீட்டில் வரும் தவறுகள் எளியவை, ஆனால் முழு ஆய்வையும் பாழாக்குபவை. வரிக்குதிரை மீனின் குஞ்சு தப்பும்போது முதல் வளைவு ஏறத்தாழ 10 மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் இரு படங்களுக்கு இடையே 33 மில்லிநொடி கழிகிறது. வால் நொடிக்கு 30 முறை அடித்தால், அந்தக் கேமரா ஒவ்வொரு முறையும் அதே நிலையிலேயே வாலைப் பிடிக்கும். துடிக்கும் வால், மங்கலாக, அசையாமல் நிற்பதாகத் தோன்றும். நொடிக்கு 500 முதல் 1,000 படங்கள் தேவை. நீரின் வெப்பநிலையைக் குறிக்காமல் வேகங்களை ஒப்பிடுவதும் இதே வகை.

மயக்க மருந்தான ட்ரைகெய்ன், நரம்புச் செல்லின் சவ்விலுள்ள சோடியம் வாயில்களை அடைத்து நரம்புத் துடிப்பையே தடுக்கிறது. அதன் செயல் நீங்காத நிலையில் எடுத்த பதிவு நம்பத்தக்கதன்று. நரம்பும் தசையும் சேரும் இடத்தை மட்டும் முடக்கும் ஆல்ஃபா-பங்காரோடாக்சினைப் பயன்படுத்தினால் நரம்புத் தாளம் கிடைக்கும். ஆனால் உடல் அசையாததால், அசைவிலிருந்து திரும்பி வரும் உணர்வு அந்தப் பதிவில் இருக்காது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு வேகத்தில் கண்டதை எல்லா வேகத்துக்கும் நீட்டுவதும் கூடாது. வரிக்குதிரை மீன் குஞ்சின் தண்டுவடத்தில், மெதுவான நீச்சலின்போது துடிக்கும் இடைநியூரான்களில் (பிற நியூரான்களை இணைக்கும் நியூரான்களில்) சில, வேகம் கூடியதும் அடங்கிவிடுகின்றன. வேறு சில அப்போதுதான் சேர்கின்றன. ஆகவே ஒரு நியூரானைப் பற்றி எழுதும்போதெல்லாம், வால் நொடிக்கு எத்தனை முறை அடித்தபோது அதைப் பதிவு செய்தோம் என்பதையும் உடன் குறிக்க வேண்டும்.