காட்டுக் குடிலில் குளிராத ஃபிரிட்ஜ்: என் அனுபவம்

கனடாவில் ஒன்டாரியோவின் வடமேற்கே, ரெட் லேக் என்ற ஊரிலிருந்து மிதவை விமானத்தில்தான் அந்த ஏரிக் குடிலுக்குப் போக முடியும். சாலை இல்லை, மின்சாரமும் இல்லை. பீவர் விமானம் எங்களை இறக்கிவிட்டுப் போனபின் பார்த்தால், புரொப்பேன் வாயுவை எரித்து இயங்கும் ஃபிரிட்ஜில் நீலச் சுடர் ஒழுங்காக எரிகிறது. உள்ளே குளிர்ச்சியே இல்லை. பிடித்த மீனை உயிரோடு கயிற்றில் கோத்து ஏரியிலேயே விட்டு வைத்தோம். கொண்டுபோன இறைச்சியை என்ன செய்வது?

இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சூட்டாலும் புவியீர்ப்பாலும் சுற்றி வரவேண்டும். ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும். குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்புவதால் அந்தப் பக்கத்துக் குடில்களில் தரை கோணிப்போவது சகஜம்.

தட்டில் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். ஒரு பக்கமாக ஒதுங்கியது. சுடரை அணைத்து ஆறவிட்டு, தாழ்ந்த பக்கத்துக் கால்களுக்கடியில் விறகில் சீவிய துண்டுகளைச் செருகி மட்டமாக்கினேன். பின்புறக் காற்றுவழியின் தூசியையும் துடைத்தேன். பற்றவைத்தபின் பொறுமை அவசியம். குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். மறுநாள் காலை ஃப்ரீசரில் பனி படிந்திருந்தது.

அம்மோனியா நெடி அடித்தால் இதை முயலவே கூடாது. சுடரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். கசியும் குழாயை அங்கே சரிசெய்ய முடியாது.