எதிர்மின்வாய் ஒளிர்வுப் படம்: முதல் மாதிரி பளிங்காக இருக்கட்டும்

வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றை பட்டதும் சில கனிமங்கள் ஒளிர்கின்றன. கேத்தடோலுமினசென்ஸ் எனப்படும் இந்த எதிர்மின்வாய் ஒளிர்வு, சாதாரண நுண்ணோக்கியில் ஒரே சீராகத் தெரியும் படிகத்துக்குள் அது வளர்ந்த கட்டங்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை என்றதும் சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலைச் சார்னோக்கைட்டே நினைவுக்கு வரும். ஆனால் அதிலுள்ள இரும்பு மிகுந்த ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் ஒளிராமல் இருண்டே கிடக்கும் என்பதால், தொடக்கப் பயிற்சிக்கு, சுண்ணாம்புக்கல் உருமாறி உண்டாகும் பளிங்கையே (மார்பிள்) நான் பரிந்துரைப்பேன். மாதவரம், புழல் பக்கம் மார்பிள் கடைகளில் அறுத்து ஒதுக்கிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பளிங்கில் இருக்கும் முக்கியக் கனிமம் கால்சைட்டா டோலமைட்டா என்று முதலில் பாருங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே நுரைக்கும். டோலமைட்டைப் பொடியாக்கினால்தான் மெல்ல நுரைக்கும்.

அடுத்து, 30 மைக்ரான் தடிமனுள்ள மெல்வெட்டை (கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தேய்த்த மெல்லிய பாறைச் சீவலை) தயாரித்து, 1 மைக்ரான் வைரப் பசையால் மெருகேற்றுங்கள். எலக்ட்ரான்கள் சில மைக்ரான் ஆழமே ஊடுருவும். ஆகவே மேலே கண்ணாடி ஒட்டவே கூடாது. விரிசல்களில் புகுந்த எபாக்சி பசையும் ஒளிரும் என்பதை மறவாதீர்கள்.

கருவியில் வைக்கும் முன் அதே பகுதியைச் சாதாரண ஒளியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சூடேற்றிய இழையின்றி எலக்ட்ரான் கற்றையை உண்டாக்கும் குளிர் எதிர்மின்வாய்க் கருவியில் 10 முதல் 20 கிலோவோல்ட் வரை பயன்படுத்துவது வழக்கம். அப்போது எக்ஸ் கதிரும் உண்டாகிறது. ஈயக் கண்ணாடிச் சாளரத்தையும் பாதுகாப்புப் பூட்டையும் எக்காரணத்துக்காகவும் அகற்றாதீர்கள். அறையை இருட்டாக்கி, கேமராவின் தானியங்கி நிறச் சமநிலையை அணைத்து, எல்லாப் படங்களுக்கும் ஒரே ஒளிபடு நேரத்தை வையுங்கள். இல்லையேல் இரு படங்களின் நிறங்களை ஒப்பிடவே இயலாது.

இனிப் படத்தைப் படிப்போம். மாங்கனீசு கலந்த கால்சைட் ஆரஞ்சாகவும், டோலமைட் பெரும்பாலும் சிவப்பாகவும் ஒளிரும். இரும்பு அந்த ஒளியை அடக்கும். ஆகவே மங்கிய இடத்தில் மாங்கனீசு குறைவு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அங்கே இரும்பு மிகுந்திருக்கலாம். இதை, எலக்ட்ரான் கற்றையால் தனிமங்களின் அளவைக் காணும் எலக்ட்ரான் நுண்பகுப்பான் கொண்டுதான் உறுதிசெய்ய வேண்டும். கனிம மணிகளின் ஓரத்தையும் மெல்லிய விரிசல்களையும் ஒட்டி வேறு நிறப் பட்டை ஓடினால், உருமாற்றத்தின் போதோ பின்னரோ திரவம் ஊடுருவியதா என்று ஆராயுங்கள்.

பளிங்கில் கை பழகிய பின் குவார்ட்சுக்குச் செல்லலாம். கற்றை படப்பட அதன் ஒளிர்வு மாறும் என்பதால் விரைந்து படமெடுக்க வேண்டும். சிர்க்கான் என்ற கனிமத்தில் பழைய உட்கருவும் உருமாற்றத்தில் வளர்ந்த விளிம்பும் தனித்தனியே தெரியும். யுரேனியம் ஈயமாகச் சிதைவதைக் கொண்டு, யுரேனியம்–ஈயம் முறையில் அதன் வயதைக் கணிக்கும்போது, இரண்டும் கலந்துவிடாதபடி லேசரால் மாதிரி எடுக்கும் புள்ளியை வைக்கும் இடத்தை இப்படத்தைப் பார்த்தே குறியுங்கள்.