கடலோர ஊரில் தங்கும் முன்: நிலநடுக்கம் வந்தால் ஓட வேண்டிய வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பயணப் பையில் என்னென்ன வைப்பது என்ற பட்டியல்கள் ஏராளமாகக் கிடைப்பதால் அதை விட்டுவிடுகிறேன். சுனாமி வரக்கூடிய கரையில் அறை எடுத்தவர், தரை ஆடினால் எந்தப் பக்கம் போவது என்பதை முதல் நாளே முடிவு செய்வது எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

படி 1: மேட்டைத் தேடுங்கள்

கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம், அல்லது கரையிலிருந்து 1.6 கிலோமீட்டர் உள்ளே. பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு இது. உள்ளூர் நிர்வாகம் வெளியேறும் பாதைக்குப் பலகை வைத்திருந்தால் கேள்வியே இல்லை, அதைப் பின்பற்றுங்கள்.

பலகை இல்லாத இடத்தில்தான் சிக்கல், நான் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். கைபேசி காட்டும் உயரத்தை நம்பக் கூடாது. ஜிபிஎஸ் கிடைமட்ட இடத்தைச் சொல்வதைவிட உயரத்தைச் சொல்வதில் மோசம். வழிகாட்டும் செயலியோ விரைவான அல்லது தூரம் குறைந்த பாதையையே தேடும். அது கடற்கரைச் சாலையாக இருக்கலாம், ஆற்றுப் பாலத்தின் வழியாகவும் போகலாம். அலை ஆற்றுமுகம் வழியாக வெகுதூரம் உள்ளே ஏறும்; நடுக்கத்தில் பாலம் சேதமாகியிருக்கவும் கூடும். எனவே சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடமே வேண்டும். எனக்குப் பிடித்தது ஓப்பன்டோப்போமேப். இலவசம், கோடுகளும் தெளிவு. கரையையும் ஆற்றையும் தவிர்த்து மேலேறும் பாதையைக் கண்ணால் தேடி, அந்தப் பகுதியைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பெரிய நடுக்கத்துக்குப் பிறகு இணையம் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சுற்றிலும் தட்டையான நிலமா? உறுதியான கான்கிரீட் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியோ அதற்கு மேலோ அடுத்த தேர்வு.

படி 2: இருட்டிய பிறகு நடந்து பாருங்கள்

வரைபடத்தில் திறந்திருக்கும் சந்து, இரவில் பூட்டிய கதவில் முடியலாம். உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் போய், ஆகும் நேரத்தைப் பாருங்கள்.

படி 3: கட்டிலருகே

ஷூவும் தலையில் மாட்டும் விளக்கும் போதும். கைபேசி விளக்கு வேண்டாம். குழந்தையைத் தூக்கவும் கைப்பிடியைப் பிடிக்கவும் இரண்டு கைகளும் தேவைப்படும்.

படி 4: ஆடும்போது

குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் அங்கேயே தலையணையால் தலையை மூடுங்கள். நிலைக்கதவின் கீழே நிற்பது பழைய அறிவுரை, மறந்துவிடுங்கள். கூடவே எண்ணுங்கள். கடலோரத்தில் 20 நொடிகளைத் தாண்டினால், ஆட்டம் நின்றதும் கிளம்புங்கள். நிற்க முடியாத அளவு பலமாக ஆடியிருந்தால் எண்ணிக்கையும் தேவையில்லை.

மெல்லிய ஆட்டம்தானே என்று படுத்துவிடாதீர்கள். 1896இல் ஜப்பானின் சன்ரிகு கரையில் நடுக்கம் மெதுவாக, ஆனால் நீண்ட நேரம் இருந்தது. பின்னால் வந்த அலையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள்.

படி 5: கிளம்புங்கள்

சைரனுக்காகக் காத்திருக்காதீர்கள். 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. அதே நாட்டின் சிமெலூ தீவில், 1907 அலையின் கதையைப் பாட்டன்மார் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்ததால், 2004இல் மக்கள் தாமாகவே குன்றேறினார்கள். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. கடல் முதலில் பின்வாங்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. சில சமயம் நேராக ஏறியே வரும்.

முடிந்தவரை காரை எடுக்காதீர்கள், ஒரே நெரிசலில் சாலை அடைத்துவிடும். மேலே போனபின், அதிகாரிகள் சொல்லும்வரை இறங்காதீர்கள். 1964 அலாஸ்கா நடுக்கத்தின்போது கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் முதல் அலைகள் வடிந்ததும் சிலர் திரும்பினார்கள். நான்காவது அலைதான் மிகப் பெரியது.

பின்சேர்க்கை: படகில் இருந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தால் துறைமுகத்துக்குத் திரும்பாதீர்கள். ஆழத்தில் அலை உயரம் குறைவு, துறைமுகத்தில்தான் சுழலும் நீரோட்டம். முதியவர்களோடு பயணிப்பதைப் பற்றியும் கேட்டார்கள். கரையோர விடுதியை விட்டு, மேட்டிலேயே அறை எடுங்கள். கடலுக்குப் பகலில் இறங்கி வரலாம்.